முதலில் கோழியைப் பாருங்கள்

ஓய்வுநாள் பாடசாலையில் நான் எடுத்த முதல் பாடமே கழுகுதான். கழுகுக்கு நாற்பது வயதானதும் அலகு வளைந்துபோகுமாம். உயரமான பாறையில் போய் உட்கார்ந்து, அலகை மோதி உடைத்து, பழைய இறகுகளையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டு, நூற்றைம்பது நாள் காத்திருக்குமாம். எல்லாம் புதிதாக முளைத்து இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். ஏதோ ஒரு பிரசங்கத்தில் கேட்டதை உருக்கமாகச் சொல்லி முடித்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"அக்கா, அலகு இல்லாம அஞ்சு மாசம் அது என்னத்த திங்கும்?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அவன் கேட்டது சரி என்று. பறவையின் அலகு நம் நகம் மாதிரி, தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பது. அதை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினி கிடந்து சாகும். இறகுகளும் மொத்தமாகப் போவதில்லை. ஒன்றிரண்டாக உதிர்ந்து ஒன்றிரண்டாக முளைக்கும், பறப்பது நிற்காதபடிக்கு. நான் சொன்ன கதையில் உண்மையாக இருந்தது, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்கிற ஏசாயா 40:31 மட்டும்தான். அந்த வசனத்துக்கு இந்தக் கதை தேவையே இல்லை.

"மே மாச விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆள் குறையுது, நீ ஒரு வகுப்பு எடும்மா" என்று சபைப் போதகர் ஐயர் பிடித்து இழுத்துவந்த கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுப் பிராணிகளையும் தெருப் பிராணிகளையும் வைத்து விசுவாசப் பாடம் எடுப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுலபம்தான், ஆனால் வேலையின் வரிசை மாறிவிடக் கூடாது. முதலில் பிராணி, அடுத்து வசனம், கடைசியில் பாடம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பாடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குத் தோதாக ஒரு பிராணியைப் பிடித்து வருவார்கள். அங்கேதான் கழுகு அலகை உடைக்கிறது.

தெருவிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கோயில் வரை நடந்து வரும்போது கண்ணில் படும் பிராணிகளை எழுதுங்கள். எங்கள் தெருவில் எழுதினால் இப்படி வரும்: நாட்டுக்கோழி, காகம், தெருநாய், பூனை, வெள்ளாடு, பசுமாடு, அணில், எறும்பு, பல்லி. ஏழெட்டு வாரத்துக்கு இது தாராளம். சிங்கம், ஒட்டகம், கழுகு மூன்றையும் முதல் வருஷம் தொடாதீர்கள். பிள்ளைகள் அவற்றை டிவியில்தான் பார்த்திருப்பார்கள், நீங்களும் அப்படித்தான்.

இயேசு பேசும்போது எடுத்த பிராணிகளைக் கவனித்தால் இது புரியும். கோழி, குருவி, காகம், ஆடு, நரி, புறா, நாய்க்குட்டி. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முற்றத்திலும் வயலிலும் இருந்தவை. "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்று அவர் சொன்னபோது, அவர்கள் தலையைத் தூக்கினால் போதும், பார்த்துவிடலாம்.

ஒரு வாரத்துக்கு ஒரு பிராணி. அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு வாரம், தினமும் கால் மணி நேரம்

தேர்ந்தெடுத்த பிராணியை ஞாயிற்றுக்கு முந்தைய ஆறு நாளும் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரே நேரத்தில் வேண்டாம்; ஒரு நாள் காலை, ஒரு நாள் வெயில் உச்சியில், ஒரு நாள் அடையும் நேரத்தில். பார்த்ததை மட்டும் நோட்டில் எழுதுங்கள். "அன்பான தாய்" என்று எழுதாதீர்கள். "குஞ்சு கத்தியதும் இரை பொறுக்குவதை நிறுத்தியது" என்று எழுதுங்கள். இந்தப் பழக்கம் வரக் கொஞ்ச நாளாகும்.

கோழியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அடைக்கு உட்கார்ந்த கோழி இருபத்தொரு நாள் முட்டையை விட்டு நகராது. நாளுக்கு ஒரு தரம் இறங்கி அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டுத் திரும்பிவிடும். அந்த மூன்று வாரத்தில் உடம்பு மெலிந்துபோகும். அலகால் முட்டைகளைத் திருப்பித் திருப்பி வைக்கும். பொரிவதற்கு முன்பே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்தும். கோழி மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்லும். காதை வைத்துக் கேட்டால் உங்களுக்கும் கேட்கும், கொத்து வாங்கத் தயாராக இருந்தால்.

குஞ்சுகள் வெளியே வந்த பிறகு கோழியின் சத்தங்களைப் பிரித்துப் பாருங்கள். இரை கண்டால் ஒரு சத்தம். நாயோ பூனையோ வந்தால் வேறு சத்தம். மேலே பருந்து வட்டமிட்டால் முற்றிலும் வேறு. மேலிருந்து வரும் ஆபத்துக்கும் தரையில் வரும் ஆபத்துக்கும் கோழி தனித்தனியாகக் குரல் கொடுக்கும். பருந்துக் குரல் எழும்பினதும் குஞ்சுகள் சிதறிக் கிடக்கும் இடத்திலிருந்து ஓடிவரும். கோழி உடம்பைத் தாழ்த்திச் சிறகை விரிக்கும். பத்துக் குஞ்சும் மறைந்துபோய் நாலைந்து கால் மட்டும் கீழே தெரியும்.

நான் இதை எத்தனையோ தடவை பார்த்தும், ஒரு விஷயம் உறைக்க வெகுநாள் ஆனது. கோழி எந்தக் குஞ்சையும் தூக்கிவருவதில்லை. அதற்கு முடியாது. பூனை குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு போய்விடும். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொள்ளும். இந்த இரண்டையும் வைத்து ஸ்ரீவைஷ்ணவப் பெரியவர்கள் வெகுகாலமாக வாதிட்டிருக்கிறார்கள்: சரணாகதி என்பது பூனைக்குட்டி போலவா, குரங்குக்குட்டி போலவா என்று. தென்கலையார் பூனைக்குட்டி என்பார்கள், வடகலையார் குரங்குக்குட்டி. இயேசு எடுத்தது கோழியை. கோழி கூப்பிடும், தாழும், விரிக்கும். உள்ளே வருவது குஞ்சின் வேலை. வராத குஞ்சைக் கோழி துரத்திப் பிடிக்காது, கத்திக்கொண்டே இருக்கும்.

இப்போது மத்தேயு 23:37-ஐ எடுத்துப் படியுங்கள். "கோழி தன் குஞ்சுகளைத் தன் சிறகுகளின்கீழே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும்வண்ணமாக நான் எத்தனைதரமோ உன் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று." அந்தக் கடைசி வாக்கியம் ஏன் அங்கே வருகிறது என்று முற்றத்தில் உட்கார்ந்தவருக்கு விளங்கும். கோழியைப் பார்க்காமல் பாடம் எடுத்திருந்தால் "இயேசு நம்மைக் கோழியைப்போலக் காப்பாற்றுவார்" என்று சொல்லி முடித்திருப்பேன். அது பொய்யில்லை, ஆனால் வசனத்தில் பாதி போய்விடும்.

கோழி இல்லாத ஊரில், அடுக்குமாடிக் குடியிருப்பில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். பல்லியும் எறும்பும் காகமும் எல்லா மாடிக்கும் வரும்.

வசனத்தைத் தேடும்போது

வேதாகமத்துக்கு ஒத்தவாக்கிய அகராதி இருந்தால் அதில் பிராணியின் பேரைத் தேடுங்கள். போன் செயலியிலும் தேடலாம். ஒரே வசனத்தோடு நிறுத்தாமல் வருகிற எல்லா இடத்தையும் படியுங்கள். சில ஆச்சரியங்கள் காத்திருக்கும்.

நாயை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றியுள்ள நாய் என்பது நம் பழமொழியிலும் பாடப்புத்தகத்திலும் இருக்கிற நாய். வேதாகமத்து நாய் பெரும்பாலும் ஊர் எல்லையில் குப்பை கிளறும் நாய். கக்கினதைத் தின்னத் திரும்பும், சங்கீதம் 22-ல் சூழ்ந்துகொள்ளும். நன்றிக்கு நாயை உதாரணம் காட்டலாம், தப்பில்லை. ஆனால் வேதத்தில் அப்படி இருப்பதாகச் சொல்லிவிடாதீர்கள். நல்ல இடங்களும் உண்டு. லாசருவின் பருக்களை நக்கினது நாய்கள்தான், ஐசுவரியவான் அதுகூடச் செய்யவில்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள தோபித்து நூலில், பயணம் போகும் தோபியாவின் பின்னால் ஒரு நாய் போகிறது. கதைக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை, சும்மா கூடவே போகிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பூனை நம் சீர்திருத்தச் சபை வேதாகமத்தில் எங்குமே இல்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில் மட்டும், விக்கிரகங்களின் மேல் ஏறி உட்காருவதாக வரும். எந்தப் பூனையும் செய்யக்கூடியதுதான்.

பல்லிக்கு ஒரு சுவையான சங்கதி. நீதிமொழிகள் 30-ல் பூமியில் சிறியவைகளாயிருந்தும் மகா ஞானமுள்ளவைகள் நாலு என்று எறும்பு, குழிமுசல், வெட்டுக்கிளி வரும். நாலாவது நம் பழைய மொழிபெயர்ப்பில் சிலந்திப் பூச்சி, அரசர் அரண்மனைகளில் இருப்பது. பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அதே இடத்தில் பல்லி. எபிரெயச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் உள்ள வேறுபாடு இது. வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள். ராஜா வீடானாலும் நம் வீடானாலும் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் வாடகை தராமல் இருப்பது இரண்டும்தான்.

கழுகும் அப்படியே. மீகா 1:16 கழுகைப்போல மொட்டையாயிருக்கச் சொல்கிறது. மத்தேயு 24:28-ல் பிணம் இருக்கும் இடத்தில் கழுகுகள் கூடும். அப்படியென்றால் பல இடங்களில் அது கம்பீரமான ராஜாளி அல்ல, நாம் பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளிக்கிற பாறு. அதுவும் வெகு உயரத்தில் சிறகை அசைக்காமல் மிதக்கும் பறவைதான். படம் ஒட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலில் மாடும் கழுதையும் வைக்கிறோமே, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அவை இல்லை. முன்னணை மட்டும்தான் இருக்கிறது. மாடும் கழுதையும் வந்தது ஏசாயா 1:3-லிருந்து: "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், இஸ்ரவேலோ அறிவில்லாமலும், என் ஜனம் உணர்வில்லாமலும் இருக்கிறது." 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் வைத்தார். டிசம்பர் மாதம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் இது போதும். சாயங்காலம் கட்டுத்தறிக்கு யாரும் பிடித்துவராமல் தானே வந்து நிற்கும் மாட்டைப் பார்த்த பிள்ளைக்கு ஏசாயாவின் மனவருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒப்புமை எங்கே நிற்கிறது

எல்லா ஒப்புமையும் ஓர் இடத்தில் நின்றுவிடும். அது எந்த இடம் என்று வகுப்புக்கு முன்பே கண்டுபிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள்.

காகத்தை வைத்து லூக்கா 12:24 நடத்தினேன். விதைக்கிறதில்லை, அறுக்கிறதில்லை, பண்டசாலையுமில்லை, களஞ்சியமுமில்லை. அடுத்த வாரம் ஒரு சிறுமி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். காகம் வடைத் துண்டை ஓட்டுக்கு இடையில் ஒளித்துவைத்து, மேலே ஒரு சருகைப் போட்டு மூடியது. மறுநாள் எடுத்துத் தின்றது. "களஞ்சியம் இல்லன்னு சொன்னீங்களே அக்கா?" காகங்கள் இரையை ஒளித்துவைக்கும், அது உண்மை. என்ன சொல்வது? நாளைக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறது, பத்து வருஷத்துக்குப் பூட்டு போட்டு வைக்கவில்லை என்றேன். லூக்காவில் அதற்குச் சற்று முன்னால்தான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டப் பார்த்த ஐசுவரியவான் வருகிறான். அவனையும் காகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினோம். அந்தச் சிறுமி புண்ணியத்தில் அன்றைக்கு நல்ல வகுப்பு.

காகத்தில் இன்னொன்று. லேவியராகமம் 11-ல் அது அருவருப்பான பறவை, தின்னக் கூடாது. அந்தத் தீட்டுப் பறவையைத்தான் தேவன் பிழைப்பூட்டுகிறார் என்று இயேசு உதாரணம் எடுக்கிறார். அந்தப் பறவைதான் கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது. இது சொல்லும்போது பிள்ளைகள் கேட்பார்கள், பக்கத்து வீட்டு ஆச்சி ஏன் காகத்துக்குச் சோறு வைத்த பிறகு சாப்பிடுகிறார்கள் என்று. அவர்கள் முன்னோரை நினைத்து வைக்கிறார்கள், நாம் அப்படி நம்புவதில்லை. காகத்துக்கு ஒரு வாய் வைப்பது நல்ல காரியம்தான் என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். அடுத்த வீட்டாரைக் கேலி பேச வைக்கிற பாடம் நமக்கு வேண்டாம்.

எறும்பும் குருவியும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதைக் கவனித்தீர்களா? நீதிமொழிகள் 6 எறும்பிடம் போய்ச் சேர்த்துவைக்கக் கற்றுக்கொள் என்கிறது. மத்தேயு 6 சேர்த்துவைக்காத பட்சிகளைப் பார் என்கிறது. புதிய ஆசிரியர்கள் இரண்டையும் அடுத்தடுத்த வாரம் நடத்திவிட்டு மாட்டிக்கொள்வார்கள். யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். எறும்பிடம் அனுப்பப்படுகிறவன் சோம்பேறி. குருவியிடம் அனுப்பப்படுகிறவர்கள் நாளைக்கு என்ன உண்போம் என்று கவலைப்படுகிறவர்கள். பரீட்சைக்கு முந்தின நாளும் படிக்காத பையனுக்கு எறும்பு. பரீட்சை பயத்தில் சாப்பாடு இறங்காத பெண்ணுக்குக் குருவி. மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் கெடுதல். எறும்புக்குத் "தலைவனும், அதிகாரியும் இல்லாதிருந்தும்" என்று சொன்னது எவ்வளவு சரி என்பதையும் காட்டலாம்: ராணி எறும்பு பேருக்குத்தான் ராணி, அது யாருக்கும் உத்தரவு போடுவதில்லை, முட்டை மட்டும் இடும். சமையல்கட்டில் சீனி டப்பாவுக்குப் போகும் வரிசையின் நடுவில் ஈரத்துணியால் ஒரு கோடு துடைத்துவிட்டுப் பாருங்கள். வாசனை அழிந்த இடத்தில் வந்த எறும்பெல்லாம் நின்று தடுமாறும், பிறகு ஒன்று துணிந்து தாண்டும், மற்றவை தொடரும்.

குருவிப் பாடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போடச் சொல்லுங்கள். இரண்டு காசுக்கு நாலுதானே வர வேண்டும்? ஐந்தாவது கொசுறு. காய்கறிக் கடையில் கறிவேப்பிலை போடுகிற மாதிரி, விலையே இல்லாத குருவி. அதுவும் "தேவனால் மறக்கப்படுவதில்லை." இதைக் கேட்டதும் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு முகம் நிமிரும், யார் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அடைக்கலான் என்ற பேரையும் சொல்லுங்கள். வீட்டு இறவாணத்தில் அடைக்கலம் தேடி வருவதால் வந்த பேர். சங்கீதம் 84-ல் அதற்குக் கர்த்தருடைய பீடத்தண்டையிலேயே வீடு கிடைக்கிறது.

ஆனால் குருவி விழாது என்று வசனம் சொல்லவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்கிறது. குருவிகள் விழுகின்றன. அப்பா இறந்துபோன பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். "குருவிக்கு ஒன்றும் ஆகாது, உனக்கும் ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சொல்லக்கூடாத கதைகள்

கழுகுக் கதையைச் சொல்லிவிட்டேன். அடுத்தது, அடிக்கடி ஓடிப்போகும் ஆட்டுக்குட்டியின் காலை மேய்ப்பன் உடைத்துத் தோளில் போட்டுக்கொள்வான், கால் கூடும்போது அது அவனை விட்டுப் பிரியாது என்கிற கதை. வேதத்தில் அப்படி ஓர் இடமும் இல்லை. கிடை போடும் கீதாரியிடம் போய்க் கேட்டுப்பாருங்கள், சிரிப்பார். கால் ஒடிந்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு யார் மேய்க்கப் போவது? வீட்டில் அடிவாங்கும் பிள்ளையின் காதில் இந்தக் கதை எப்படி விழும் என்றும் யோசியுங்கள்.

ஆடு முட்டாள் பிராணி, அதனால்தான் நம்மை ஆடு என்கிறது என்பது இன்னொன்று. 2001-ல் இங்கிலாந்தில் கெய்த் கென்ட்ரிக் என்ற விஞ்ஞானியின் குழு சோதித்துப் பார்த்தது: செம்மறியாடு மற்ற ஐம்பது ஆடுகளின் முகத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்கிறது. மனித முகத்தையும் அடையாளம் காணும். யோவான் 10-ல் மேய்ப்பன் ஆடுகளை அறிகிறான், ஆடுகளாலும் அறியப்படுகிறான். முட்டாளைப் பற்றிய பேச்சு அல்ல அது.

ஆடு என்றதும் நம் பிள்ளைகள் மனதில் வருவது வெள்ளாடு. செம்மறியை முதலில் அடையாளம் காட்டுங்கள். நம் பக்கத்துச் செம்மறிகள் பலவற்றுக்குக் கம்பளி கிடையாது, முடிதான். அதனால் குழப்பம் வரும். வாலைப் பார்க்கச் சொல்லுங்கள்: வெள்ளாட்டுக்கு வால் மேலே தூக்கியிருக்கும், செம்மறிக்குத் தொங்கும். வெள்ளாடு பின்னங்காலில் எழும்பி வேலியில் உள்ள இலையைக் கடிக்கும், செம்மறி குனிந்து புல் மேயும், ஒன்று போனால் எல்லாம் போகும். மத்தேயு 25-ல் பிரிக்கிற காட்சியை நடத்துவதற்கு முன் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பு நடத்தும் நாள்

முதல் பத்து நிமிஷம் பிராணியைப் பற்றி மட்டும் பேசுங்கள். "பிள்ளைகளே, இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது" என்று தொடங்கினால் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதில் நமக்கு வாத்தியார் நாத்தான் தீர்க்கதரிசி. 2 சாமுவேல் 12-ல் தாவீதிடம் போனவர், ராஜாவின் பாவத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு தரித்திரன் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, மடியிலே படுத்து, அவனுக்கு மகளைப்போல இருந்தது. செல்லப் பிராணி என்று வேதத்தில் தேடினால் கிடைப்பது இந்தக் குட்டிதான். ஆடு மேய்த்து வளர்ந்த தாவீதுக்கு அந்த மடியின் சூடு தெரியும். அவன் கோபத்தில் எழும்பின பிறகே "நீயே அந்த மனுஷன்" வந்தது. அதுவரை பொறுங்கள்.

நிஜப் பிராணியைக் கொண்டுவரலாமா? கோழிக்குஞ்சு, ஆட்டுக்குட்டி என்றால் வளர்க்கும் வீட்டுப் பெரியவர் கூட வரட்டும். ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு நிழலில் விட்டுவிடுங்கள். நாற்பது கை மாறிமாறித் தூக்கினால் குஞ்சு செத்துப்போகும். தொட்ட பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். பச்சைக்கிளிக் கூண்டை யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். தெருநாயைக் கவனிக்க அனுப்பினால் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், தின்னும்போதும் குட்டி போட்டிருக்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

மனன வசனத்தோடு ஒரு வேலையும் கொடுத்தனுப்புங்கள். நீதிமொழிகள் 12:10, "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்கிறது. மே மாதமென்றால் மொட்டைமாடியில் மண்சட்டியில் தண்ணீர் வைப்பது, தினமும் மாற்றுவது. யாத்திராகமம் 23:5 பகைஞனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் உதவச் சொல்கிறது. இந்த வாரம் பேசாமல் இருக்கும் வீட்டாரின் ஆடு கயிறு சுற்றிக் கிடந்தால் அவிழ்த்துவிடுவது என்று ஒரு பையன் தானே வேலை எடுத்துக்கொண்டான். அந்த வீட்டுக்காரர் சந்தேகப்பட்டுச் சண்டைக்கு வந்தது வேறு கதை.

கேட்டே தீருவார்கள்

சில கேள்விகள் எந்த ஊரிலும் வரும். கதரேனரின் நாட்டில் இயேசு துரத்தின பிசாசுகள் புகுந்து இரண்டாயிரம் பன்றி கடலில் பாய்ந்ததே, பன்றி என்ன பாவம் செய்தது? நல்ல கேள்வி என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதே கையோடு யோனாவின் கடைசி வசனத்தையும் காட்டுங்கள். நினிவேக்காகப் பரிதபிக்கும் தேவன் இலட்சத்து இருபதினாயிரம் பேரோடு "அநேக மிருகஜீவன்களும்" என்று சேர்த்துக்கொள்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக் கிடாயை வெட்டுகிறார்களே என்று கேட்டு அழுத பிள்ளைக்கு நான் எந்த வசனமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட மாட்டேன் என்றாள். சாப்பிட வேண்டாம் என்று அவள் அம்மாவிடமும் சொன்னேன்.

எல்லாவற்றிலும் கடினம், செல்லப் பிராணி செத்துப்போன வாரம். போன வருஷம் ஒரு சிறுமி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். அவளுடைய பூனை டைகர் வண்டியில் அடிபட்டுப் போயிருந்தது. "அக்கா, அது பரலோகத்துக்குப் போயிருக்குமா?" ஆமாம் என்று உறுதியாகச் சொல்ல வேதத்தில் எனக்கு வசனம் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. பிரசங்கி 3:21 மிருகங்களுடைய ஆவியைப் பற்றி "அறிகிறவன் யார்" என்று கேள்வியாகவே விட்டுவிடுகிறது. சங்கீதம் 36:6, "கர்த்தாவே, மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்கிறது. கொசுறுக் குருவியும் மறக்கப்படுவதில்லை. இந்த மூன்றையும் சொல்லி, மூன்றுக்கும் மேலே எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

பிறகு நோட்டை எடுத்துக்கொடுத்து, டைகர் எப்படி இருக்கும் என்று எழுதச் சொன்னேன். வெகுநேரம் எழுதினாள். முதல் வரி இது: "டைகருக்கு வலது காதுல ஒரு வெட்டு இருக்கும். பால்ல தண்ணி கலந்தா குடிக்காது."